அப்பச்சியின் விறைத்த காலுக்கு எது: மாத்திரையா, ஊசியா, கஞ்சா எண்ணெயா?

போன மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். பள்ளத்தூரில் ஓர் ஆச்சி. கணவருக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது, இடது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. தேவகோட்டையில் ஒரு பையன், பைக் விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டவன். ராத்திரியில் இரண்டு காலும் தானாக வெட்டி வெட்டி இழுக்கிறதாம். மூன்றாமவர் காரைக்குடிக்காரர். மனைவிக்கு மல்டிபிள் ஸ்கிலரோசிஸ், சுருக்கமாக எம்எஸ், மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளைச் சிதைக்கும் நோய். மூவரும் கேட்டது ஒன்றுதான்: "கஞ்சா எண்ணெய் நல்லதுன்னு சொல்றாகளே, வாங்கிக் குடுக்கலாமா?"

என் அப்பச்சியைப் பக்கவாதத்துக்குப் பிறகு ஆறு வருடம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவன் நான். அதனால்தான் என்னிடம் கேட்கிறார்கள். மருத்துவன் இல்லை. மாத்திரை, ஊசி, பிசியோ எல்லாம் நாங்கள் பார்த்தாயிற்று, கஞ்சா எண்ணெய்ப் பாட்டிலும் ஒரு முறை வீட்டு வாசல் வரை வந்து திரும்பிப் போனது. மூன்று பேருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. அது ஏன் என்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நாம் 'இழுத்துக்கிடுச்சு' என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு சங்கதிகள் கலந்திருக்கின்றன. மூளையோ முதுகுத்தண்டோ பழுதானால், தசையை அடக்கிவைக்கும் கட்டளை கீழே சரியாக வந்து சேராது. அப்போது தசை சும்மா இருக்கும்போதும் முறுக்கிக்கொள்ளும். வேகமாக நீட்டினால் கடுமையாக எதிர்க்கும், மெதுவாக நீட்டினால் கொஞ்சம் இடம் கொடுக்கும். இதைத்தான் மருத்துவர்கள் ஸ்பாஸ்டிசிட்டி என்கிறார்கள். இன்னொன்று, மாதக்கணக்கில் மடங்கியே கிடந்து தசையும் மூட்டும் குட்டையாகிப் போவது. எவ்வளவு மெதுவாக நீட்டினாலும் அது வராது. அதற்கு மாத்திரையும் உதவாது, எண்ணெயும் உதவாது. கட்டுப்போட்டுப் படிப்படியாக நீட்டுவது, அறுவை சிகிச்சை என்று அதன் பாதையே தனி. உங்கள் வீட்டில் இருப்பது எது என்று தெரியாமல் எதற்கும் பணம் கட்டாதீர்கள்.

## எதை வைத்து எடை போடுவது

மருந்தின் பெயரில் ஆரம்பித்தால் குழப்பம்தான் மிஞ்சும். நான் ஐந்து கேள்விகளில் ஆரம்பிப்பேன்.

இறுக்கம் எங்கே இருக்கிறது? ஒரு கை, ஒரு கணுக்கால் என்று ஓரிடத்திலா, இடுப்புக்குக் கீழே முழுக்கவா? ஓரிடத்து இறுக்கத்துக்கு உடம்பு முழுக்கப் பரவும் மருந்தைக் கொடுப்பது, ஒரு செடிக்குத் தண்ணீர் விட ஊருணிக் கரையை வெட்டுவது மாதிரி.

எதற்காகத் தளர்த்த வேண்டும்? விரல் உள்ளங்கையில் பதிந்து புண்ணாகிறதா, தொடை இரண்டும் ஒட்டிக்கொண்டு துடைத்துவிட முடியவில்லையா, வலியில் தூக்கம் இல்லையா, நடக்கும்போது முன்பாதம் தரையில் இழுபடுகிறதா? இதில் எது என்று ஒரு வரியில் சொல்ல முடிந்தால் பாதி முடிவு எடுத்த மாதிரி. 'விறைப்பு மொத்தமாகப் போகணும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். விறைப்பு சில சமயம் நமக்கு வேலை செய்கிறது. அப்பச்சி நின்றதே அந்த விறைத்த காலை ஊன்றுகோல் மாதிரி வைத்துத்தான். மாத்திரை அளவைக் கூட்டிய வாரம் கால் நன்றாக இளகியது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். மூன்றாம் நாள் நடுமுற்றத்து வளவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவர் முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நோய் எது? பார்வைக்கு ஒரே மாதிரி இறுக்கம்தான். ஆனால் எம்எஸ்ஸில் சோதித்துப் பார்த்த மருந்து பக்கவாதத்திலும் வேலை செய்யும் என்று நினைக்கக் கூடாது. கஞ்சா மருந்தைப் பொறுத்தவரை முடிவைத் திருப்பிப்போடும் கேள்வி இதுதான்.

தூக்கக் கலக்கத்தையும் தள்ளாட்டத்தையும் அவரால் எவ்வளவு தாங்க முடியும்? இது நம் ஊருக்கு இரட்டிப்பு முக்கியம். முகப்புப் படி, கட்டுக்குக் கட்டு நிலைவாசல், கண்ணாடி மாதிரி வழுக்கும் ஆத்தங்குடிக் கல். கல்யாண வீட்டுக்கு அழகாக இருக்கும் தரை, கால் இழுத்து நடப்பவருக்கு எமன். மயக்கம் தரும் எந்த மருந்தையும் இந்தத் தரையை நினைத்துக்கொண்டுதான் தீர்மானிக்க வேண்டும்.

கடைசியாகச் செலவு. மருந்துக் கடை பில்லில் வராத செலவையும் சேர்த்துத்தான். கார் வாடகை, கூட வருபவரின் ஒரு நாள் சம்பளம், ரத்தப் பரிசோதனை, மருந்தை நிறுத்த வேண்டி வந்தால் ஆகும் பாடு.

## பிசியோவும், காரணம் தேடுவதும்

இதை மற்றவற்றோடு போட்டிபோடும் ஒரு வழியாக நான் வைக்கவில்லை. எதைத் தேர்ந்தெடுத்தாலும் அடியில் இது இருக்க வேண்டும்.

பிசியோ என்றால் ஒருவர் வந்து காலை மடக்கி நீட்டிவிட்டுப் போவது என்று நாங்களும் ஒரு வருடம் நினைத்திருந்தோம். வெறுமனே நீட்டிவிடுவதால் மட்டும் கிடைக்கும் பலன் குறைவு. நிற்கவைப்பது, உட்கார்ந்து எழவைப்பது, பழுதான கையால் டம்ளரைத் தள்ளவாவது வைப்பது, ராத்திரி கை காலை நேராகப் பிடித்துவைக்கும் ஸ்பிளிண்ட் கட்டுவது, படுக்கும்போது கை காலை எப்படி வைப்பது என்று வீட்டார் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பது, இதெல்லாம் சேர்ந்தால்தான் பிசியோ. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ செய்வதும் உண்டு, பைசா செலவில்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியச் சொல்லுங்கள். தினமும் வருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். வந்து கற்றுக்கொடுப்பதை நாம் தினமும் செய்ய வேண்டும்.

எண்ணெய் தேய்ப்பது பற்றிக் கேட்பார்கள். வெதுவெதுப்பான எண்ணெயை இதமாகத் தேய்த்து மெதுவாக நீட்டினால் கெடுதல் இல்லை, வலியும் கொஞ்சம் குறையும். வலுவாக இழுத்து 'சொடக்கு' எடுப்பதும், உணர்ச்சி இல்லாத காலில் சுடு ஒத்தடம் கொடுப்பதும் வேண்டாம். தோல் வெந்தது அவருக்கே தெரியாது.

அப்புறம் காரணம் தேடுவது. நேற்றுவரை சுமாராக இருந்த விறைப்பு இந்த வாரம் திடீரென்று கூடியிருந்தால், நோய் முற்றிவிட்டது என்று முடிவுகட்டும் முன் ஒரு சுற்றுத் தேடுங்கள். சிறுநீரில் கிருமி, மலச்சிக்கல், படுக்கைப் புண், கால் பெருவிரலில் உள்ளே வளர்ந்த நகம், அடைத்துக்கொண்ட சிறுநீர்க் குழாய், இறுக்கமான வேட்டிக் கட்டு. காயம் உணர்வுக்கு எட்டாவிட்டாலும் தண்டுவடத்துக்கு எட்டும், தசை முறுக்கிக் காட்டும். இதைக் கவனிக்காமல் மருந்தை மட்டும் கூட்டிக்கொண்டே போகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

## மாத்திரை: பேக்லோஃபென், டிசானிடின்

உடம்பில் பல இடங்களில் இறுக்கம், ராத்திரி வெட்டி இழுப்பது, முதுகுத்தண்டு அடி, எம்எஸ் ஆகியவற்றுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவது பேக்லோஃபென்தான். வழக்கமாக 5 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை என்று தொடங்கிச் சில நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். விலை கட்டுப்படியாகும், காரைக்குடியிலேயே கிடைக்கும். மக்கள் மருந்தகத்திலும் கேட்டுப் பாருங்கள். தூக்கம், சோர்வு, தசை பலம் குறைவது, இவைதான் விலை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மருந்து உடம்பில் தேங்கிக் குழப்பம் தரும், அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

டிசானிடின் தசையின் பலத்தை அவ்வளவாகக் குறைக்காது என்பார்கள். ஆனால் வாய் வறளும், எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்கிக் கிறுகிறுக்கும், கல்லீரல் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கோடு இது சேரவே கூடாது. மருந்தின் அளவு ரத்தத்தில் பல மடங்கு ஏறி, அழுத்தம் தடாலென்று இறங்கும். சிறுநீர்க் கிருமிக்கு நம் ஊரில் சர்வசாதாரணமாக எழுதும் மருந்து அது.

பேக்லோஃபெனின் மறைந்திருக்கும் செலவு, அதைத் திடீரென்று நிறுத்த முடியாது என்பது. இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு பொங்கல் சமயத்தில் மாத்திரை தீர்ந்துபோனது. வழக்கமாக வாங்கும் கடையில் சரக்கில்லை, 'பண்டிகை முடிஞ்சு வாங்கிக்கலாம்' என்று நாங்களும் விட்டுவிட்டோம். இரண்டாம் நாள் ராத்திரி அப்பச்சி, இறந்துபோன தன் தம்பி வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் நிற்கிறார் என்று சொல்லி அவரோடு பேச ஆரம்பித்துவிட்டார். உடம்பு நெருப்பாகக் கொதித்தது, கால் கட்டையாக விறைத்தது. பேய் பிடித்துவிட்டது என்று விபூதி போட்டவர்களும் உண்டு. மருத்துவமனையில் சேர்த்து மாத்திரையைத் திரும்பக் கொடுத்த பிறகுதான் தெளிந்தார். வலிப்பு வந்திருந்தால் கதை வேறு. அதிலிருந்து பத்து நாள் மாத்திரை எப்போதும் கையிருப்பில் வைத்திருந்தோம். நிறுத்துவதென்றால் மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாக.

## போட்டாக்ஸ் ஊசி

முகச் சுருக்கத்துக்கு நடிகர்கள் போடுவது என்றுதான் நமக்குத் தெரியும். அதே பொட்டுலினம் நச்சு, நரம்பு தசைக்குச் சேதி சொல்லும் இடத்தை அடைத்துவிடுகிறது. எந்தத் தசையில் போடுகிறோமோ பெரும்பாலும் அது மட்டும் தளரும், தலைக்கு ஏறாது, தூக்கம் வராது. அமெரிக்காவில் கை இறுக்கத்துக்கு 2010இலும் கால் இறுக்கத்துக்கு 2016இலும் அனுமதி கிடைத்தது. பக்கவாதத்தில் மடங்கிய கைக்கும், உள்பக்கம் திரும்பிய பாதத்துக்கும் நல்ல ஆதாரத்தோடு நிற்கும் சிகிச்சை இது.

பலன் சில நாளில் ஆரம்பிக்கும், நான்கைந்து வாரத்தில் உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் கரைந்துவிடும். 12 வாரத்துக்கு முன்னால் திரும்பப் போடமாட்டார்கள். அதாவது வருடத்துக்கு மூன்று நான்கு முறை. ஒவ்வொரு முறையும் மருந்துக்கே பல ஆயிரம். கைக்கும் காலுக்கும் சேர்த்துப் போட்டால் குப்பிகளின் எண்ணிக்கை கூடும்.

செலவு அதோடு நிற்காது. காரைக்குடியிலிருந்து மதுரையோ திருச்சியோ போக 90 கிலோமீட்டர் வரும். சக்கர நாற்காலி ஏறுகிற கார், தூக்கி இறக்க இரண்டு பேர், போக வர ஒரு நாள். மருத்துவமனையில் படுக்காமல் போட்டுவிட்டு வரும் ஊசி என்பதால் காப்பீடு பல சமயம் கைவிரித்துவிடும், முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மருந்தை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைத்திருக்க வேண்டும். 'நீங்களே வாங்கிட்டு வந்துருங்க' என்று சொன்னால் ஐஸ் பெட்டி இல்லாமல் சித்திரை வெயிலில் எடுத்துப் போகாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: ஊசி போட்ட அந்த மூன்று மாதத்தில் தினமும் பிசியோ செய்யவில்லை என்றால் போட்ட பணம் ஆற்றில்தான். தசையைத் தளர்த்தி வாசலைத் திறந்துவிடுவது மட்டுமே ஊசியின் வேலை.

பணம் கட்டுப்படியாகாதவர்களுக்கு பினால் ஊசி என்று ஒரு பழைய வழியும் உண்டு. மலிவு, பலன் மாதக்கணக்கில் நிற்கும். உணர்ச்சி நரம்பில் பட்டுவிட்டால் எரிச்சல் வலி தங்கிவிடலாம், அதனால் கை தேர்ந்தவரிடம் மட்டும்.

## வயிற்றில் பம்ப்

மாத்திரையில் அடங்காத கடுமையான இறுக்கம், இரண்டு காலும் கத்தரிக்கோலாகப் பின்னிக்கொண்டு உட்காரவைக்கவே முடியாத நிலை என்றால் இது. வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு பம்ப் வைத்து, பேக்லோஃபெனைத் தண்டுவட நீருக்குள் நேரடியாகச் சொட்டச் செய்கிறார்கள். மில்லிகிராமுக்குப் பதில் மைக்ரோகிராம் போதும் என்பதால் மூளைக் கலக்கம் குறைவு. முதலில் முதுகில் ஒரு சோதனை ஊசி போட்டுப் பலன் தெரிந்தால்தான் பம்ப். பெரிய நகரத்துப் பெரிய மருத்துவமனைகளில் மட்டும், செலவு லட்சங்களில். சில மாதங்களுக்கு ஒருமுறை மருந்து நிரப்பப் போக வேண்டும், சில வருடங்களில் பேட்டரிக்காகப் பம்பையே மாற்ற வேண்டும். நிரப்பத் தவறினால் நான் மேலே சொன்ன பொங்கல் கதை பத்து மடங்காக வரும், உயிருக்கே ஆபத்து. நம் ஊரிலிருந்து கொண்டு இதைப் பராமரிக்க ஆள்கட்டு வேண்டும்.

## கஞ்சா மருந்து

இனி எல்லோரும் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

கஞ்சாவுக்கும் தசை இழுப்புக்கும் உள்ள உறவை மேற்கத்திய மருத்துவம் கற்றுக்கொண்டது இந்தியாவிலிருந்துதான். 1839இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இருந்த ஓஷானஸி என்ற மருத்துவர், டெட்டனஸில் வரும் கொடூரமான இழுப்புக்குக் கஞ்சாச் சாறு கொடுத்துப் பார்த்து எழுதினார். ஆக, 'அந்தக் காலத்திலேயே இருந்த மருந்து' என்று விற்பவர்கள் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் இன்றைக்கு ஆதாரத்தோடு நிற்பது எது என்று பார்த்தால் வட்டம் ரொம்பச் சிறிது.

நாபிக்சிமால்ஸ் என்று கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த ஒரு வாய் ஸ்ப்ரே. சடிவெக்ஸ் என்ற பெயரில் விற்கிறார்கள். ஒரு முறை அடித்தால் டிஎச்சி 2.7 மில்லிகிராம், சிபிடி 2.5 மில்லிகிராம் வாய்க்குள் போகும். கஞ்சாவில் உள்ள இந்த இரண்டு பொருள்களில் போதை தருவது டிஎச்சி, சிபிடி போதை தராதது. 2010இல் பிரிட்டன் இதற்கு அனுமதி கொடுத்தது. யாருக்கு? எம்எஸ் நோயால் இறுக்கம் வந்து, மற்ற மருந்துகளில் போதிய பலன் கிடைக்காத பெரியவர்களுக்கு. அமெரிக்கா இன்னும் அனுமதிக்கவில்லை. எந்தச் சிகிச்சையை எப்படிக் கொடுப்பது என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் எனக்குப் பிடித்தது. நான்கு வாரம் மட்டும் கொடுத்துப் பார், இறுக்கத்துக்கு நோயாளியே பூச்சியம் முதல் பத்து வரை மார்க் போடட்டும், குறைந்தது 20 சதவீதம் இறங்கினால் தொடர், இல்லையென்றால் நிறுத்து என்கிறது. பெரிய ஆய்வொன்றில் இந்த நான்கு வாரப் பரீட்சையில் தேறியவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்.

இன்னொரு விநோதமும் உண்டு. பிரிட்டனில் 600க்கும் மேற்பட்ட எம்எஸ் நோயாளிகளுக்கு கஞ்சா மாத்திரை கொடுத்து 2003இல் முடிவு வெளியிட்டார்கள். மருத்துவர் கையால் மடக்கி நீட்டி ஆஷ்வொர்த் அளவுகோலில் மார்க் போட்டபோது மாற்றம் ஒன்றும் இல்லை. நோயாளிகளைக் கேட்டால் இறுக்கமும் வலியும் குறைந்த மாதிரி இருக்கிறது என்றார்கள், தூக்கமும் நன்றாக வந்ததாம். இதை வைத்துச் 'சும்மா மனப்பிரமை' என்று தள்ளவும் எனக்கு மனம் வரவில்லை, 'மருந்து வேலை செய்கிறது' என்று கொண்டாடவும் முடியவில்லை. தூக்கமும் வலியும்தான் உங்கள் குறி என்றால் அந்தப் பலனுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. காலை நீட்டி நடக்கவைப்பதுதான் குறி என்றால் இதிலிருந்து பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

எம்எஸ் தவிர மற்ற நோய்களில்? பக்கவாதத்துக்குப் பின் வரும் இறுக்கத்தில் இதே ஸ்ப்ரேயைச் சோதித்த சிறு ஆய்வில் பலன் தெரியவில்லை. பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளிலும் அப்படியே. குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒரே சொல்: வேண்டாம்.

சரி, அந்த ஸ்ப்ரே காரைக்குடியில் கிடைக்குமா? இந்தியச் சந்தையிலேயே இல்லை. இங்கே கிடைப்பது வேறு. 1985ஆம் வருட போதைப்பொருள் தடுப்புச் சட்டம், செடியின் பூக்கும் காய்க்கும் நுனியைக் கஞ்சா என்கிறது. பிரித்தெடுத்த பிசினை, எண்ணெய் வடிவில் இருந்தாலும், சரஸ் என்கிறது. இரண்டும் குற்றம். நுனியோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. அந்தச் சந்து வழியாகத்தான் இலையிலிருந்து செய்யும் 'விஜயா' என்ற ஆயுர்வேத மருந்துகள் ஆயுஷ் உரிமத்தோடு, மருத்துவச் சீட்டின் பேரில் வருகின்றன. எனவே 'கஞ்சா எண்ணெய்' என்று எழுதிய எல்லாப் பாட்டிலும் குற்றமும் இல்லை, எல்லாப் பாட்டிலும் மருந்தும் இல்லை.

எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த பாட்டிலில் டிஎச்சி எத்தனை மில்லிகிராம் என்று கேட்டேன். கொண்டுவந்தவர் 'அதெல்லாம் நேச்சுரல் சார்' என்றார். அளவு தெரியாத மருந்தை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் எழுபது வயதுக்காரருக்கு எப்படிக் கொடுப்பது? அப்படியே திருப்பிவிட்டேன். வாங்கத்தான் வேண்டும் என்றால் உரிம எண், தொகுதி எண், ஒரு மில்லியில் டிஎச்சி சிபிடி எவ்வளவு என்ற ஆய்வகச் சான்று, இந்த மூன்றும் இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள். விதையிலிருந்து எடுக்கும் எண்ணெயையும் சிலர் இதே பெயரில் விற்கிறார்கள். அது சமையலுக்கு ஆகும், இறுக்கத்துக்கு ஆகாது.

நம் ஊருக்கென்று ஒரு தனி எச்சரிக்கை. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ கனடாவிலோ ஆள் இல்லாத வீடு இங்கே குறைவு. 'கனடாவில கடையிலயே விக்கிறாங்க, அடுத்த தடவை வர்றப்ப எடுத்துட்டு வர்றேன்' என்று பேரன் சொல்வான். 2018இலிருந்து அங்கே சட்டப்படி விற்பது உண்மைதான். ஆனால் எல்லை தாண்டி எடுத்துவருவது கனடாவின் சட்டப்படியும் குற்றம், இந்தியச் சட்டப்படியும் குற்றம். தாத்தாவின் காலுக்காகப் பேரன் விமான நிலையத்தில் மாட்டக் கூடாது. சிங்கப்பூர்ப் பிரஜையோ நிரந்தரவாசியோ என்றால் இன்னும் மோசம். ஊருக்கு வந்த இடத்தில் பயன்படுத்தியிருந்தாலும் திரும்பிப் போனபின் அவர்கள் சட்டம் பிடிக்கும்.

பக்கவிளைவுகளில் நான் பயப்படுவது தலைசுற்றல், தூக்கம், நினைவுக் குழப்பம். பேக்லோஃபெனோ டிசானிடினோ ஏற்கெனவே சாப்பிடுபவருக்கு அதன் மேல் இது ஏறினால், அந்த ஆத்தங்குடித் தரையை நினைத்துக்கொள்ளுங்கள். டிஎச்சி இதயத் துடிப்பை வேகமாக்கும். மனநோய் இருந்தவர்களுக்கும், குடும்பத்தில் மனநோய் உள்ளவர்களுக்கும் கூடவே கூடாது. சிபிடி, கல்லீரலில் மற்ற மருந்துகளைக் கையாளும் நொதிகளைத் தடுக்கும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ரத்தம் அளவுக்கு மீறி இளகலாம். பக்கவாதக்காரர்கள் பலரும் ரத்தம் கட்டாமலிருக்கச் சாப்பிடும் குளோபிடோக்ரெல் வேலை செய்வதற்கே அந்த நொதிகளில் ஒன்று வேண்டும். இறுக்கத்தைக் குறைக்கப் போய் இரண்டாவது பக்கவாதத்துக்கு வழிவிடக் கூடாது. புகைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | எங்கே வேலை செய்யும் | பலன் தெரிய | தூக்கம், தள்ளாட்டம் | பில்லில் வராத செலவு |
|---|---|---|---|---|
| பிசியோ | எல்லா நோயிலும், அடித்தளமாக | வாரங்கள், மாதங்கள் | இல்லை | வீட்டில் ஒருவரின் தினசரி நேரம் |
| மாத்திரை | பரவலான இறுக்கம் | நாட்கள் | உண்டு | திடீரென நிறுத்த முடியாது, ரத்தப் பரிசோதனை |
| போட்டாக்ஸ் | ஓரிடத்து இறுக்கம் | 1 முதல் 2 வாரம் | இல்லை | மூன்று மாதத்துக்கு ஒரு பயணம் |
| பம்ப் | கடுமையான, பரவலான இறுக்கம் | சோதனை ஊசியிலேயே | குறைவு | நிரப்புதல், மறு அறுவை |
| கஞ்சா மருந்து | எம்எஸ், மற்றவை தோற்ற பிறகு | 4 வாரத்துக்குள் | உண்டு | சட்டச் சிக்கல், அளவு நிச்சயமின்மை |

## மூவருக்கும் சொன்னது

பள்ளத்தூர் ஆச்சியிடம் எண்ணெய் வேண்டாம் என்றேன். அவர்கள் வீட்டில் பிரச்சினை ஒரே ஒரு கை. நகம் உள்ளங்கையைக் குத்துகிறது, குளிப்பாட்டும்போது அக்குளைத் திறக்க முடியவில்லை. கணவர் வேறு குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார். ஓரிடத்து இறுக்கம், தெளிவான குறி, பக்கவாதம் என்று எல்லாமே ஊசியின் பக்கம் சாய்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் வருமா என்று கேட்டுப் பாருங்கள், வராவிட்டாலும் ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு, அந்த மூன்று மாதம் கையைத் திறந்து வைத்துக்கொள்ள ஸ்பிளிண்டும் பழக்கமும் ஏற்படுத்துங்கள் என்றேன். 'ஒரு ஊசிக்கு இவ்வளவா' என்று மலைத்தார்கள். எண்ணெய்ப் பாட்டிலுக்கு மாதா மாதம் கேட்ட தொகையை மூன்றால் பெருக்கிப் பார்க்கச் சொன்னேன், அப்புறம் பேச்சில்லை.

காரைக்குடிக்காரருடைய மனைவியின் நிலைமைதான் உண்மையில் கஷ்டம். எம்எஸ், இரண்டு காலும், பேக்லோஃபென் உச்ச அளவுக்கு ஏற்றியாயிற்று, டிசானிடினில் மயங்கி விழுந்தார். லண்டனில் இருந்திருந்தால் அந்த ஸ்ப்ரேயைச் சோதித்துப் பார்க்கும் தகுதி இவருக்கு இருந்திருக்கும். மூவரில் கஞ்சா மருந்துக்கு நியாயம் இருப்பது இவருக்கு மட்டுமே. உரிமமும் ஆய்வகச் சான்றும் உள்ள விஜயா மருந்தை, நரம்பியல் மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டு, நான்கு வாரம் மட்டும் பார்க்கலாம், ஆனால் ஸ்ப்ரேயில் கிடைத்த ஆய்வு முடிவை இந்தப் பாட்டில் மேல் ஒட்டிப் பார்க்காதீர்கள் என்றேன். எண்ணெய் தொடங்கும் முன் ஒரு வாரம், ஒவ்வொரு ராத்திரியும் இறுக்கத்துக்கு எத்தனை மார்க் என்று மனைவியையே ஒரு காலண்டர் தாளில் எழுதச் சொல்லியிருக்கிறேன். முன்னால் எழுதாவிட்டால் பின்னால் எதோடு ஒப்பிடுவது? ஆவணி முடியட்டும், பார்ப்போம் என்று கணவர் இருக்கிறார். பம்புக்கான சோதனை ஊசி எங்கே போடுவார்கள் என்றும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அது இன்னும் நல்ல வழியாகத் தோன்றுகிறது.

தேவகோட்டைப் பையனுக்கு மருந்து எதுவும் சொல்லவில்லை. எப்போதிலிருந்து கூடியது என்று கேட்டேன். 'இந்தப் பத்து நாளா' என்றான். சிறுநீர் கலங்கலாக இருக்கிறதா? 'ஆமாண்ணே, வாடையும் வருது.' பரிசோதித்ததில் கிருமி இருந்தது. ஒரு மருத்துவமனையில் அவனுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் எழுதிக்கொடுத்தார்கள். வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை, அவன் சாப்பிடுவதோ டிசானிடின். நல்லவேளை, கடைக்குப் போகும் முன் சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். திரும்பப் போய் விஷயத்தைச் சொல்லி வேறு ஆன்டிபயாட்டிக் மாற்றி வாங்கினான். ஐந்தாம் நாள் போன் செய்தபோது ராத்திரி இழுப்பு பாதியாகக் குறைந்திருந்தது. சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் அளவையும் எழுதிய அட்டை ஒன்று இப்போது அவன் சட்டைப் பையில் இருக்கிறது.